விபூதி கொட்டுன மாமரம்

எல்லாரும் சௌக்கியமா? முட்டிவலி தேவலையா?

தானே புயலுக்கு அப்புறம், எங்க கடலூர் வீட்டு மாமரத்துல சின்னச் சின்ன ஓட்டை வழியா விபூதி கொட்டுச்சு. நானும் தினம் வெளக்கேத்தி நெத்தியில பூசிக்கிட்டேன்.

மருமவ இசைவாணி கெஞ்சுனா. "பயிற்சிக்கெல்லாம் போயிட்டு வந்துட்டேன் அத்தை. மாமரத்துப் பக்கத்துல இருக்கிற கொட்டாயில காளான் வளக்கட்டுமா?"

"சாமி எறங்குன எடத்துல பூஞ்சக்காளானா? மூச்!"

சிதம்பரத்துல விவசாய ஆபீசரா இருக்கிற அவ அண்ணன் அன்பரசு வந்து மரத்தைப் பாத்தாரு.

"இது வண்டு வெளிய தள்ளுற மரத்தூள் அத்தை. அது மரத்தத் தின்னாது. உள்ள வளை தோண்டி, காளான் மாதிரி ஒரு பூஞ்சையப் பயிர் பண்ணித் தின்னும்."

இசைவாணி சிரிக்காமக் கேட்டா, "அப்ப வண்டுக்கு மட்டும் பர்மிஷன் குடுத்தீங்களா அத்தை?"

நெத்தியத் தொடச்சிக்கிட்டே கொட்டாய் சாவிய நீட்டுனேன்.

நீங்க எதைக் கும்பிட்டு அசடு வழிஞ்சீங்க? வெக்கப்படாம எழுதுங்க.