முதல் பாட்டில் ஓர் இருமல்

இடுப்பு விட்டுப்போயிருந்தது. காலையிலிருந்து ஸ்டுடியோ நாற்காலியில் உட்கார்ந்து, ஐம்பது வருஷமாகத் தான் பாடியதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள் பேபி திலகா. அறுபதை நெருங்கியும் அந்தப் 'பேபி' மட்டும் உதிரவில்லை. மொத்தப் பாட்டையும் ரெக்கார்டு கம்பெனி ஒரே தொகுப்பாகப் போடுகிறது.

ஏழு வயதில் பாடிய முதல் பாட்டு வந்தது. இரண்டாம் சரணத்தில் இருமலைக் காணோம்.

"தம்பி, இங்க ஒருத்தர் இருமுவாரே?"

"ஆமாம்மா, யாரோ கெடுத்து வச்சிருந்தாங்க. சுத்தமா எடுத்துட்டேன்," என்றான் சவுண்ட் இன்ஜினியர், பெருமையாக.

"அது எங்கப்பா. சிமெண்டு மூட்டை தூக்கறவர். அவர் பக்கத்துல நின்னாத்தான் பாடுவேன்னு அடம் பிடிச்சேன். போட்டோகூடக் கிடையாது, மிச்சம் இருந்தது அந்த இருமல்தான். திரும்ப வச்சிடுப்பா."

"கம்பெனி ஒத்துக்காதும்மா. காசு குடுத்து வாங்கறவன் இருமலையா கேப்பான்?"

பாட்டு கம்பெனியுடையது. இருமலும் கம்பெனியுடையதுதான் போலிருக்கிறது. அவன் மறுபடி ஓடவிட்டான். பக்கத்தில் யாருமே இல்லாத மாதிரி குழந்தை பாடிக்கொண்டே போனது.

அந்தப் பாட்டுக்கு வந்த பணத்தில் அப்பாவுக்கு மருந்து வாங்குவதாகத்தான் பேச்சு. அடுத்த பாட்டுக்குப் போக வேண்டுமே என்று அவளுக்குப் பட்டுப்பாவாடை எடுத்தார்கள். மருந்து இன்னும் பாக்கி.