நல்ல தண்ணி

"எனக்கே தண்ணி காட்டுறியா?" என்றார் முதலாளி.

எதிரே நின்றவர் மீன் பண்ணையின் ஃபில்டர்காரர், தொட்டித் தண்ணீரைச் சுத்தம் பண்ணும் மெஷினைப் பார்த்துக்கொள்பவர். விருந்தாளி வரும் நாளிலெல்லாம் பண்ணையில் ஒரு குடிதண்ணீர் கேன் காணாமல் போகும். இன்று கேனும் கையுமாக அவரைப் பிடித்துக் கொடுத்தவர் முதலாளியின் மச்சான்.

"வீட்டுக்கா?"

"இல்லீங்க. ஒருத்தர் வயித்துக்கு இங்க இருக்கிற தண்ணி ஒத்துக்கல. அவருக்காக."

"இதைக் குடிக்காதீங்கன்னு அவர்கிட்டயே சொல்றதுதானே?"

"சொன்னாக் கேக்கிற ஆளு இல்லீங்க."

முதலாளிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஷெட்டுக்குள் மீன் வளர்த்து, ஒரே தண்ணீரைச் சுத்தம் பண்ணித் திரும்பத் திரும்பத் தொட்டிக்கு விடுகிற மனிதர் அவர். வாங்க வருகிறவர்கள் முகம் சுளித்தால், ஃபில்டர் குழாயில் ஒரு கிளாஸ் பிடித்து மடக்மடக்கென்று குடித்துக் காட்டுவார். ஆரம்பத்தில் ஒரு தடவை வயிறு கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். பழியைச் சம்பந்தி வீட்டு விருந்தின் மேல் போட்டார். அதற்கப்புறம் ஒரு தும்மல்கூட இல்லை. எல்லாம் மீன் தண்ணியின் மகிமை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

"உன்னைத் தண்ணி தெளிச்சு விட்டாச்சு. உள்ளே இன்னும் எதையெல்லாம் மாத்தி வச்சியோ, அதையெல்லாம் பழையபடி வச்சிட்டுக் கிளம்பு."

"பழையபடியேவா, முதலாளி?"

"பழையபடியே."

ஃபில்டர்காரர் ஸ்பானரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் பெரிய ஹோட்டல்காரர்கள் மூன்று பேர் வந்தார்கள். இவர்கள் தலையாட்டினால் வருஷம் முழுக்க விற்பனைக்குக் கவலையில்லை. வழக்கம்போல் முகம் சுளித்தார்கள். வழக்கம்போல் முதலாளி கிளாஸைப் பிடித்தார். ஒரே மடக்கு.

வாய் நிறைய நின்றது. துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. ஆறு கண்கள் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தன.

விழுங்கினார்.

"எப்படி இருக்கு?"

"அமிர்தம்," என்றார். கண்ணில் தண்ணீர் முட்டியது.

அசந்துபோன ஹோட்டல்காரர்கள், அப்படியானால் தங்களுக்கும் ஆளுக்கொரு கிளாஸ் வேண்டும் என்றார்கள்.

குழாய்க்குப் பின்னால் எட்டிப் பார்த்த மச்சான் வெளிறிப்போய், முதலாளியையும் எட்டிப் பார்க்கச் சொல்லிச் சைகை காட்டினார். சுவருக்கு அந்தப்பக்கம் பரண் மேல் ஒரு காலிக் கேன். அதிலிருந்து இந்தக் குழாய் வரைக்கும் வந்து, நேற்றுத்தான் கழற்றிவிடப்பட்ட ஒரு டியூப்.

முதலாளி அவர் காதோரம் குனிந்தார்.

"ஓடு மச்சான், கையில காலில விழுந்தாவது அந்த ஆளைக் கூட்டிட்டு வா. இத்தனை நாளா எனக்கு நல்ல தண்ணி காட்டியிருக்கான்."