கஞ்சா இலைக்கு வரி

ஏரிக்கரையில் விரிசல் விட்டிருந்தது. மழைக்கு முன்னால் அடைக்காவிட்டால் கரையடியில் இருக்கும் முட்டைகள் எல்லாம் வெள்ளத்தோடு போய்விடும். ஊர்த் தலைவி கோழிக்கு அந்தக் கவலையில் இரை இறங்கவில்லை. மண் சுமக்கும் கழுதைகளுக்குக் கூலி கொடுக்கப் பொதுவில் ஒரு மணி தானியம்கூட இல்லை.

“வெள்ளாட்டோட கஞ்சாக் கடைக்கு வரி போடுவோம்” என்றது கோழி. “ஒரு பிடி இலைக்கு ஒரு படி தானியம். அப்பத்தான் அந்தப் பாழாப்போன இலையை எவனும் தொடமாட்டான்.”

“எவனும் தொடலேன்னா வரி எங்கேர்ந்துக்கா வரும்?” என்றது வெள்ளாடு.

“ஊரைக் கெடுக்கிறவனுக்குப் பேச்சு வேறயா?”

வரி வந்தது, விலை ஏறியது. கடையே கதி என்று கிடந்த எருமையும் வருவதை நிறுத்திவிட்டது. கோழி வரியைப் பாதியாகக் குறைத்தும் கடையில் ஈ ஆடவில்லை. வானம் இருட்டிக்கொண்டு வந்தது. கோழி எருமையின் கொட்டிலுக்கே ஓடியது.

“என்னண்ணே, கடைப்பக்கம் ஆளையே காணோம்? உடம்புக்கு ஏதாவதா?”

“விட்டுட்டேன் தங்கச்சி. நீதானே தினமும் திட்டுவே?”

“திட்டினேன்தான். அதுக்காக இப்படி ஒரேயடியாவா விடுவாங்க?” என்று கோழி தொண்டையைச் செருமியது. “கரையை அடைக்கிற வரைக்குமாவது கொஞ்சம் போட்டுக்குங்களேன்.”