கறுப்புக் கேபிள் இருக்கும் மேசை

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சிங்கப்பூர் தேக்கா உணவங்காடியில் காலி மேசை கிடைப்பது குதிரைக்கொம்பு.

மோகனப்பிரியாவுக்கு அந்தக் கவலை இல்லை. அவளுக்காக ஒரு மேசை காத்திருந்தது.

இந்த ஊரில் இடம் பிடிக்க எல்லாரும் டிஷ்யூ பாக்கெட்டைத்தான் மேசையில் வைப்பார்கள். வைத்துவிட்டு நிம்மதியாக வரிசையில் போய் நிற்பார்கள். ஒருவரும் தொட மாட்டார்கள். பெரியம்மா சரசு பார்த்துவைத்திருந்த திருச்சி இன்ஜினியர் மாப்பிள்ளை வெங்கட், அதற்குப் பதிலாக மேசையில் கறுப்பு சார்ஜர் கேபிள் வைப்பதாகவும், அதுதான் அடையாளம் என்றும் மெசேஜ் அனுப்பியிருந்தார். அதைப் படித்த கையோடு அவள் போன் செத்துப்போனது.

போட்டோ வேண்டாம் என்று சொன்னவள் அவள்தான். போட்டோவில் ஒரு ஆள், நேரில் ஒரு ஆள் என்று பார்த்துச் சலித்துவிட்டது. இதுவும் சரிவராவிட்டால் இனிமேல் மாப்பிள்ளைப் பேச்சையே எடுக்கக் கூடாது என்று பெரியம்மாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் சுவா சூ காங்கில் ரயில் ஏறினாள்.

பிரியாணிக் கடைக்கு எதிரே, தூணோரமாக ஒரு மேசை. அதன்மேல் சுருட்டி வைத்த கறுப்புக் கேபிள்.

உட்கார்ந்தாள்.

கையில் டீயுடன் வந்தவர் அவளைப் பார்த்து ஒரு நொடி நின்றார். ரொம்ப நேரம் ஆகிவிட்டதா என்று கேட்டாள். வரிசை நீளம்லா என்றார். வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, அதற்குள் திருச்சிக்காரர் வாயில் இந்த ஊர் ‘லா’ ஒட்டிக்கொண்டதே என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது.

தன் டீயை அவள் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, மறுபடியும் போய் வரிசையில் நின்று இன்னொன்று வாங்கி வந்தார். பெரியம்மாவிடம் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

வீட்டில் ரொட்டி சுடுவாராம். இன்ஜினியர் ரொட்டி சுடுவது அவளுக்குப் பிடித்திருந்தது. அவர் போனில் சார்ஜர் செருகும் ஓட்டை மைதா மாவு அடைத்துப் பாழாகிவிட்டதாம். போனின் முதுகில் ஒட்டிக்கொண்டு சார்ஜ் ஏற்றும் பவர் பேங்க்கை வைத்துத்தான் ஓட்டுகிறாராம். கேபிள் வெறுமனே மேசை பிடிக்க. ஒருமுறை துப்புரவு ஆன்ட்டி டிஷ்யூ பாக்கெட்டைத் தட்டோடு சேர்த்து வழித்துக்கொண்டு போனதிலிருந்து இந்த ஏற்பாடு.

இனி வரும் போன்களில் அந்த ஓட்டையே இருக்காதாம் என்று உற்சாகமாகச் சொன்னார்.

அவளுக்குச் சுருக்கென்றது. அவள் போனின் ஓட்டை தொளதொளவென்று ஆகி நாளாயிற்று. அதைப் பார்க்கிறவர்கள் எல்லாம் பழசாகிவிட்டது, தூக்கிப் போடு என்கிறார்கள். அவளைப் பார்க்கிற பார்வையிலும் பாதிப் பேருக்கு அதே தொனிதான். ஓட்டையே இல்லாவிட்டால் அவசரத்துக்கு யாரிடம் போய்க் கேபிள் கேட்பது என்று சண்டைக்குப் போனாள்.

அதுவும் சரிதான் என்று உடனே தோற்றுப்போனார்.

செத்த போனை வாங்கி, தன் பவர் பேங்க்கிலிருந்து கேபிளைச் செருகினார். பிடிக்கவில்லை. புதுசு வாங்குங்கள் என்று அவர் சொல்லவில்லை. ஒரு டிஷ்யூவை மடித்து, போனுக்கு அடியில் அண்டை கொடுத்து, கேபிளை லேசாகச் சாய்த்து வைத்தார். விளக்கு எரிந்தது.

இதுவரை வந்தவர்கள் சம்பளம் கேட்டார்கள், சொந்த வீடா என்று கேட்டார்கள், ஏன் இத்தனை நாள் கல்யாணம் ஆகவில்லை என்று கேட்டார்கள். இவர் எதையும் கேட்கவில்லை. கல்யாணம் எப்போது என்று வீட்டில் தன்னைத்தான் துளைக்கிறார்கள் என்று மட்டும் புலம்பினார். அவள் பெயரைக்கூடக் கேட்கவில்லை. தெரிந்த பெயரை எதற்குக் கேட்க வேண்டும்?

மோகனப்பிரியா சந்தோஷமாக இருந்தாள். ரொம்ப நாளைக்கப்புறம்.

போன் உயிர் பெற்றுத் துடித்தது. வெங்கட்டிடமிருந்து மெசேஜ்.

‘வந்துவிட்டீர்களா? கேபிளை மேசையில் விட்டுவிட்டு வரிசைக்குப் போகப் பயமாக இருந்தது. யாராவது எடுத்துவிட்டால்? கையோடு எடுத்துக்கொண்டு போனேன், அதற்குள் மேசை போய்விட்டது. கேபிளோடு கரும்புச்சாறு கடை முன்னால் நிற்கிறேன்.’

நிமிர்ந்து பார்த்தாள். கரும்புச்சாறு கடை முன்னால், இஸ்திரி கலையாத நீலச் சட்டையில் ஒருவர், கறுப்புக் கேபிளை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் மெல்லத் திரும்பினாள்.

“நீங்க வெங்கட் இல்லையா?”

“முத்துராமன். உட்கார இடமில்லாம வந்தீங்கன்னு நினைச்சேன்.”

போனைப் பார்த்தார், நீலச் சட்டையைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. காது சிவந்தது. போவதென்றால் கேபிளையும் பவர் பேங்க்கையும் எடுத்துக்கொண்டே போகச் சொன்னார், வழியில் மறுபடியும் செத்துவிடுமாம்.

இனிமேல் எதை வைத்து மேசை பிடிப்பார் என்று அவளுக்குத் தோன்றியது.

டிஷ்யூவைக் கலைக்காமல், போனைக் கையில் எடுக்காமல், ஒற்றை விரலால் தட்டினாள்.

‘மன்னிக்கவும் வெங்கட். உங்கள் மேல் ஒரு குறையும் இல்லை. தப்பான மேசையில் உட்கார்ந்துவிட்டேன்.’

உடனே பதில் வந்தது. ‘அதனாலென்ன, எழுந்து வாருங்கள். இங்கேதான் நிற்கிறேன்.’

முத்துராமன் ஆறிப்போன தன் டீயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

‘எழுந்திருக்க மனசில்லை’ என்று அனுப்பினாள்.