கோட்டுக்காரர் படகு

"இறங்கும்மா. கோடு முங்கிடுச்சு."

படகுக்காரர் சொன்னதும் அந்தப் பெண் திகைத்து நின்றாள். அப்போதுதான் மூச்சிரைக்க ஓடிவந்து ஏறியிருந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். படகில் ஏறி உட்கார்ந்திருந்த யாருக்கும் முகப்பழக்கம் இல்லாத பெண்.

"ஜெராக்ஸ் கடை லேட்டாத்தான் திறந்தாங்க..." என்று ஆரம்பித்தாள்.

"அதுக்கு ஆறு என்ன பண்ணும்? இறங்கு."

அந்தத் துறையில் அவருக்குக் 'கோட்டுக்காரர்' என்றே பெயர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வேறொருவரின் படகு ஆள் அதிகமாகி நடு ஆற்றில் கவிழ்ந்தது. போனவர்களில் பாதிப் பேர்தான் கரை சேர்ந்தார்கள். மறுநாளே இவர் தன் படகின் வெளிப்பக்கம் வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு இழுத்துவிட்டார். தண்ணீர் கோட்டைத் தொட்டால் படகு நிறைந்துவிட்டது என்று அர்த்தம். கோடு முங்கினால், கடைசியாக ஏறியவர் இறங்க வேண்டும். மந்திரியே வந்தாலும் இதுதான் கதை.

"எங்கேம்மா போகணும்?" என்று கேட்டார் ரிட்டயர்டு கிளார்க். அந்தப் பெண்ணுக்கு இரண்டு நிமிஷம் முன்னால் ஏறி, மிச்சமிருந்த ஒரே இடத்தில் உட்கார்ந்தவர் அவர்.

"அக்கரை ஆஸ்பத்திரிக்கு சார். லேப் வேலைக்கு இன்டர்வியூ. பதினோரு மணிக்குள்ள பேர் பதியணும்."

கிளார்க் வாட்ச்சைப் பார்த்தார். ஒன்பதரை.

"ஏன்யா, போக இருபது நிமிஷம், வர இருபது நிமிஷம். அக்கரையில ஆள் சேர்ந்து நீ திரும்பறதுக்குள்ள இந்தப் பொண்ணோட வேலை போயிடும். ஒரு ஆள்தானே? ஒல்லியா வேற இருக்கா."

"மேல நல்ல மழை சார். ஆறு நேத்து மாதிரி இல்ல."

"அப்படி என்ன பெரிய சட்டம்? இவ்வளவு நேரம் ரோட்டையே பார்த்துக்கிட்டு நின்ன. இப்ப வந்த பொண்ணைப் போய் இறக்கி விடற!"

"மனசுன்னு ஒண்ணு இருந்தா இப்படிப் பேசுவாரா?" என்றார் துணி மூட்டையை மடியில் வைத்திருந்த தையல்கார அம்மாள்.

ஆளாளுக்குச் சேர்ந்துகொண்டார்கள். கோட்டுக்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு நிதானமாகச் சொன்னார்.

"இவ்வளவு இரக்கம் இருக்கில்ல? யாராவது ஒருத்தர் இறங்கி அந்தப் பொண்ணுக்கு இடம் கொடுங்க. உடனே கூட்டிட்டுப் போறேன்."



"இன்னிக்குப் பத்தரைக்குள்ள இந்தத் துணியைக் கொடுக்கணும். இல்லேன்னா நானே இறங்கிடுவேன்" என்றார் தையல்கார அம்மாள்.

செல்போன் ரிப்பேர்காரர், டவரே கிடைக்காத அந்த இடத்தில் தன் செல்போனை உற்றுப் பார்க்க ஆரம்பித்தார்.

கிளார்க் தொண்டையைச் செருமினார். "எனக்குக் கண்ணாடி மாத்தணும். நேரமாச்சுன்னா அந்தக் கடையில கூட்டம் ஏறிடும்..."

அந்தப் பெண் ஒருமுறை படகுக்காரரின் முகத்தைப் பார்த்தாள். இறங்கிப் படித்துறையில் போய் நின்றாள். கோட்டுக்காரர் குனிந்து கோட்டைப் பார்த்தார். தண்ணீர் அதைத் தொட்டுக்கொண்டு நின்றது. மோட்டாரைக் கிளப்பியவர் கரைப் பக்கம் திரும்பவே இல்லை.

"கல் நெஞ்சுக்காரன்!" என்றார் கிளார்க், அவர் காதில் விழும்படியாகவே.

நடு ஆற்றில், மணல் ஏற்றிய பெரிய சரக்குப் படகு ஒன்று எதிரே வந்தது. அது கடந்து போனதும் பின்னாலேயே அலை புரண்டு வந்தது.

"யாரும் எழுந்திரிக்காதீங்க! பலகையைக் கெட்டியாப் பிடிச்சுக்குங்க!"

கோட்டுக்காரர் வேகத்தைக் குறைத்து, படகின் மூக்கை அலைக்கு நேராகத் திருப்பினார். படகு எம்பியது. அடுத்த நொடி தொப்பென்று இறங்கியது. விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே நாலு விரல் இடம்கூட இல்லை. ஒரு வாளித் தண்ணீர் உள்ளே பாய்ந்து எல்லோர் காலையும் நனைத்தது. தையல்கார அம்மாள் மூட்டையை விட்டுவிட்டு, பக்கத்தில் இருந்த கிளார்க்கின் கையைப் பிடித்துக்கொண்டார்.

இரண்டாவது அலை சிறியது. மூன்றாவது அதைவிடச் சிறியது.

 இன்னும் ஒரு ஆள், ஒல்லியான ஆளே ஆனாலும், ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

அக்கரைத் துறையில் ஏறுவதற்கு ஆள் யாரும் இல்லை. வழக்கமாக அங்கே படகைக் கட்டிவிட்டு, டீ குடித்து, ஆள் சேர்ந்த பிறகுதான் கிளம்புவார் கோட்டுக்காரர். இன்று கடைசி ஆள் இறங்கியதுமே கிளம்பத் தயாரானார். கரையில் நின்ற கிளார்க் படகின் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டார்.

"இருய்யா. நீ செஞ்சது சரிதான், ஒத்துக்கறேன். உன் இடத்துல நான் இருந்திருந்தா, பாவம்னு ஏத்தி எல்லாரையும் மூழ்கடிச்சிருப்பேன். ஆனா ஒண்ணு கேக்கறேன், நெஞ்சுல கை வச்சுச் சொல்லு. அந்த இடத்துல உன் சொந்தப் பொண்ணு இருந்தா, இப்படி இறக்கி விட்டிருப்பியா?"

"இறக்கி விட்டுட்டுத்தானே சார் வந்திருக்கேன்?" என்றார் கோட்டுக்காரர். "கயித்தை விடுங்க. பதினோரு மணிக்குள்ள அவளைக் கொண்டுவந்து சேர்க்கணும்."