நின்ற வண்டி

மருத்துவம், வேளாண்மை, போக்குவரத்து என்று மூன்று துறைகளும் செயற்கை நுண்ணறிவைத் தனித்தனி நிலையங்களில் சோதித்துவந்தன. அவற்றை இணைக்க அரசு நிதி ஒதுக்கி, ரெஜினாவைப் பொறுப்பாளராக்கியது. அவள் முதலில் ஒரே படத்தை மூன்று நிலையங்களுக்கும் அனுப்பினாள். காயப்போட்ட நெல்லுக்கு நடுவே சாலையில் ஒருவர் படுத்திருக்கும் படம் அது. மருத்துவ இயந்திரம் மயங்கிய நோயாளி என்றது. வேளாண் இயந்திரம் நன்கு காய்ந்த நெல் என்றது. வண்டி ஓட்டும் இயந்திரமோ தடை எதுவும் இல்லை என்றது.

படத்தில் இருந்த இசக்கியப்பன் போக்குவரத்து நிலையத்தின் ஊழியர். ஓட்டுநரில்லாத வண்டி வரும்போது, நெல் காயும் ஊர்ச்சாலை போலவே அமைத்த சோதனைத் தடத்தில் படுத்துக்கிடப்பது அவர் வேலை. ரெஜினா பதறிப்போய் அங்கே ஓடினாள்.

"அண்ணாச்சி, வண்டி நிஜமாவே உங்களைப் பாத்துத்தான் நிக்குதா?"

"தெனமும் நிக்குதும்மா. அதுவா நிக்குதா, மேலேருந்து பட்டனை அமுக்குதாங்களான்னு படுத்துக் கெடக்கவனுக்கு எப்படித் தெரியும்?"

அவரை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு, அவர் தடுத்தும் கேளாமல் அவளே படுத்தாள். தார் சுட்டது. வண்டியின் இரைச்சல் நெருங்கி, காதருகே வந்து நின்றது. தடத்துக்கு மேலிருந்த கண்காணிப்பு மேடையிலிருந்து, வண்டியை நிறுத்தும் பட்டனுக்குப் பொறுப்பான பொறியாளர் வெளிறிய முகத்தோடு ஓடிவந்தார்.

"மேடம், பதட்டத்துல நான் பட்டனைத் தொடவே இல்ல. தடத்துல யாரும் இல்லன்னுதான் அது இப்பவும் சொல்லுது."

"அப்ப எதுக்கு நின்னுச்சு?"

பொறியாளர் வண்டியைப் பார்த்தார். "எந்திரிங்கம்மா" என்று இசக்கியப்பன் கையை நீட்டினார். அந்தக் கையைப் பற்றிக்கொண்டும் ரெஜினாவால் எழ முடியவில்லை. அசைந்தால் வண்டி கிளம்பிவிடுமா, அசையாமல் கிடந்தால் கிளம்பிவிடுமா என்று அவளுக்குத் தெரியவில்லை.