துக்க வீட்டுச் சோறு

மூன்றாவது தூக்குவாளியும் வந்துவிட்டது.

அவள் மூடியைத் திறக்கவில்லை. மணத்திலேயே புளிக்குழம்பு என்று தெரிந்தது.

அவள் புருஷனை அடக்கம் செய்துவிட்டு ஆண்கள் இப்போதுதான் திரும்பியிருந்தார்கள். பிள்ளைகள் இருவரும் மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பெரியவள் அழுதுகொண்டே சாப்பிட்டாள்.

சின்னவள் அழவில்லை. மூன்றாம் தடவை சோறு கேட்டாள்.

இந்தத் தெருவில் அது வழக்கம். சாவு விழுந்த வீட்டில் காரியம் முடியும்வரை அடுப்பு எரியக் கூடாது. அக்கம்பக்கத்தார் முறை வைத்துச் சோறு கொண்டுவருவார்கள். ஒரு வேளைகூடத் தவறாது.

"அடுப்பப் பத்த வச்சிராத தாயி," என்று எதிர்வீட்டுப் பேச்சியம்மாள் காலையிலேயே சொல்லிவிட்டுப் போயிருந்தாள். "நாங்க எதுக்கு இருக்கோம்?"

அடுப்பு எரிந்து நான்கு நாளாகிறது.

ஐப்பசி மழை. உப்பளத்தில் வேலை இல்லை. எல்லா வீட்டிலும் இதே பாடுதான், போய்க் கேட்டால் மானம்தான் போகும் என்று அவன் சொல்லிவிட்டான். தான் டீக்கடையில் சாப்பிட்டுவிட்டதாகச் சொல்லி, கையிலிருந்த பன்னைப் பிள்ளைகளுக்குப் பிய்த்துக் கொடுத்தான்.

நேற்று உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை.

மாரடைப்பு என்றார்கள். அவளும் ஆமாம் என்றாள்.

அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. யார்மீது என்று தெரியவில்லை. ஒரு வாளி சோறு இந்த வாசலுக்கு வர அவன் சாக வேண்டியிருந்தது.

வெளியே காரியத்தைப் பற்றிப் பேச்சு நடந்தது. மழைக்காலம், எல்லோருக்கும் கைச்சிரமம், மூன்றாம் நாளே முடித்துவிடலாம் என்றார் அவனுடைய சித்தப்பா. அதுதான் சரி என்றார்கள் மற்றவர்கள்.

அவள் எழுந்து வாசலுக்கு வந்தாள்.

"பதினாறாம் நாளே வைங்க மாமா."

சித்தப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். புருஷன்மேல் எவ்வளவு உயிர் பார் என்று பெண்கள் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்கள். யாருக்கும் மறுக்க மனம் வரவில்லை.

பேச்சியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நாளைக்கு எந்த வீடு, மறுநாள் எந்த வீடு என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்ல ஆரம்பித்தாள்.

அவள் நிலையைப் பிடித்தபடி நின்று கேட்டாள்.

பதினாறாம் நாளுக்கான பெயர் வரும்வரை அங்கிருந்து நகரவில்லை.